பல்லும் சைனஸும் ஒரே மேசையில்: திருச்சியின் ஒரு கூட்டுச் சிகிச்சைப் பிரிவு பற்றிய மதிப்பீடு

பல் வேரில் தொடங்கிய தொற்று சைனஸ் வழியாகக் கண்குழி வரை ஏறிவிட்ட நிலையில் என் தாய்மாமாவைத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்குள்ள காது மூக்கு தொண்டைப் பிரிவையும், அதனோடு சேர்ந்து இயங்கும் பல் மற்றும் முகத்தாடை அறுவைப் பிரிவையும் பற்றிய மதிப்பீடு இது. குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன். நிர்வாகத்துக்கு இரண்டு கொடுப்பதே தாராளம்.

இந்த நோய்க்கு ஒரு மருத்துவமனையை எடைபோட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். பல் மருத்துவரும் மூக்கு மருத்துவரும் ஒரே ஸ்கேன் படத்தை ஒரே நேரத்தில் பார்க்கிறார்களா என்பதே அது. கன்ன எலும்புக்குள் இருக்கும் மேல்தாடைச் சைனஸின் தரையும், மேல்வரிசைக் கடைவாய்ப்பற்களின் வேர் நுனிகளும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மெல்லிய எலும்பு இருக்கும். சிலருக்கு அதுகூட இல்லாமல் சைனஸின் உட்சவ்வு மட்டுமே மறைப்பாக இருக்கும். வேர் நுனியில் சீழ் பிடித்தால் அது ஈறு வழியாகக் கீழே வருவதற்குப் பதிலாக மேலே சைனஸுக்குள் வடிந்துவிடக்கூடும். அப்படி வடிகால் கிடைத்துவிட்டால் பல்லில் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாததால் வலியும் பெரும்பாலும் இருக்காது. பல் வலிக்காதவர் பல் மருத்துவரிடம் போகமாட்டார். மூக்கு மருத்துவரிடம் போனால் அவர் மூக்கைப் பார்ப்பார். இந்த இடைவெளியில்தான் நோய் மாதக்கணக்கில் வளர்கிறது. மேல்தாடைச் சைனஸ் அழற்சியில் 10 முதல் 12 விழுக்காடு பல்லால் வருவது என்று பழைய பாடநூல்கள் எழுதின. ஸ்கேன் வசதி பரவிய பிறகு வந்த பல ஆய்வுகள் நாட்பட்ட அழற்சியில் அந்தப் பங்கை 25 முதல் 40 விழுக்காடு வரை மதிப்பிடுகின்றன.

மாமாவுக்கு நடந்ததும் இதுதான். அவர் நீரிழிவுக்காரர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வலது மூக்கிலிருந்து மட்டும் கெட்டியான சளி வடிந்துகொண்டிருந்தது. தனக்கே தாங்கமுடியாத ஒரு துர்நாற்றம் வருவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைச் சில நாள் விழுங்கினார். கொஞ்சம் குறையும், பிறகு திரும்பும். உள்ளூரில் ஒரு பல் மருத்துவர் சிறிய எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, வேர் சிகிச்சை செய்து உறை போட்ட பல் நன்றாகவே இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அந்த மருத்துவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர்கள். தட்டையான படத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று விழும். கன்ன எலும்பின் நிழலும் அதன்மேல் படியும். வேர் நுனியில் எலும்பு கரைந்திருப்பது அதில் தெரியாமல் போவது வழக்கமே. ஆனால் ஒரே பக்கம் மட்டும் சளி, அதிலும் துர்நாற்றம் என்ற இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து வந்தால் பல்லைச் சந்தேகிக்கவேண்டும் என்பது மருத்துவ உலகத்துக்குப் புதிய செய்தி அல்ல. யாராவது ஒருவர் முப்பரிமாண ஸ்கேன் எழுதிக்கொடுத்திருந்தால் எல்லாம் ஒரு புறநோயாளிச் சீட்டோடு முடிந்திருக்கும்.

அவசரச் சிகிச்சைப் பிரிவைப் பற்றிச் சொல்லவேண்டும். வலது கண் இமை வீங்கி மூடிய நிலையில் இரவில் போய்ச் சேர்ந்தோம். பணியிலிருந்த இளம் மருத்துவர் கண் வலி என்று எழுதிச் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பிவிடுவாரோ என்று அஞ்சினேன். அவர் விரலால் இமையைத் திறந்து, கண்ணை நான்கு பக்கமும் அசைக்கச் சொன்னார். ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி எழுத்துகளைப் படிக்கவைத்தார். சிவப்பு மூடி ஒன்றைக் காட்டி, இரு கண்ணுக்கும் சிவப்பு ஒரே அழுத்தமாகத் தெரிகிறதா என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி, மேல்வரிசைப் பல்லில் ஏதாவது சிகிச்சை செய்திருக்கிறீர்களா என்பது. அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பிரிவுக்கு அரை மதிப்பெண் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கண்ணை அசைக்கச் சொன்னது ஏன் என்பதை மறுநாள் தலைமை அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சைனஸ் தொற்று கண்ணுக்குப் பரவும்போது அது எந்த அளவுக்குப் போயிருக்கிறது என்பதை மருத்துவர்கள் 1970-இல் சாண்ட்லர் என்ற மருத்துவர் வகுத்த ஐந்து பிரிவுகளைக் கொண்டு இன்றும் பேசுகிறார்கள். முதலாவது, இமையளவில் நிற்கும் வீக்கம். கண் அசையும், பார்வை கெடாது. இரண்டாவது, கண்குழிக்குள் இருக்கும் திசுக்களின் அழற்சி. மூன்றாவது, கண்குழி எலும்புக்கும் அதன் உறைக்கும் நடுவே சீழ் தேங்குவது. நான்காவது, கண்குழிக்குள்ளேயே சீழ்க்கட்டி. ஐந்தாவது, மூளையின் அடிப்புறத்தில் உள்ள கேவர்னஸ் சைனஸ் எனப்படும் இரத்தக்குழியில் இரத்தம் உறைவது. கண் அசைவு குறைவதும், சிவப்பு மங்குவதும், விழி முன்னுக்குத் தள்ளுவதும் நோய் இமையைத் தாண்டிவிட்டதற்கு அடையாளம். பார்வை நரம்பு நசுங்கி இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம் என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். மாமாவுக்கு இருந்தது மூன்றாவது வகை. மேல்தாடைச் சைனஸிலிருந்து சீழ் மூக்கின் மேற்புறத்தில் உள்ள எத்மாய்டு அறைகளுக்கு ஏறி, அவற்றுக்கும் கண்ணுக்கும் நடுவே உள்ள, முட்டை ஓடு போன்ற எலும்பைக் கடந்திருந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது அடுத்து நடந்த கூட்டு ஆலோசனை. நிறமருந்து ஏற்றி எடுத்த சி.டி. ஸ்கேனின் எழுத்து அறிக்கையில் சைனஸ், கண்குழி, மூளை எல்லாவற்றைப் பற்றியும் இருந்தது. பல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இது இந்த மருத்துவமனைக்கு மட்டும் உரிய குறை அல்ல. சைனஸ் ஸ்கேன் அறிக்கைகளில் பல் வேர் நோய் விடுபட்டுப்போவது உலகம் முழுவதும் எழுதப்பட்ட சங்கதி. ஆனால் இங்கே மூக்கு அறுவை மருத்துவர் அறிக்கையோடு நிற்காமல் படத்தைத் திரையில் ஓட்டிக்கொண்டே தாடை வரை இறக்கினார். முகத்தாடை அறுவை மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கடைவாய்ப்பல்லின் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து, சைனஸ் தரையில் ஓட்டை விழுந்திருப்பதைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். அந்தப் பல்லின் கன்னப்பக்க முன்வேரில் பெரும்பாலோருக்கு இரண்டாவதாக ஒரு நுண்ணிய கால்வாய் உண்டாம். முன்பு வேர் சிகிச்சை செய்தவர் அதைத் தொடாமல் விட்டதால் உள்ளே தங்கிய கிருமிகள் ஆண்டுக்கணக்கில் வேலைசெய்திருக்கின்றன. நரம்பு எடுத்த பல் என்பதால் குளிர்ச்சியும் தெரியவில்லை, வலியும் தெரியவில்லை. விடுபட்ட வரியை அறிக்கையில் சேர்த்து எழுதித் தரும்படி ஸ்கேன் பிரிவுக்கு அவர்களே சொல்லியனுப்பினார்கள். பல்லால் வரும் சைனஸ் அழற்சியை உறுதிசெய்வது பல் மருத்துவரும் மூக்கு மருத்துவரும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை என்று 2021-இல் பன்னாட்டு நிபுணர்கள் ஒருமித்து எழுதிய அறிக்கை சொல்கிறது. அதை ஏட்டில் இல்லாமல் ஒரு மேசையில் நான் பார்த்தது இங்கேதான்.

மூளைக்குப் போயிருக்குமா என்று என் அத்தை கேட்டார். மழுப்பாமல் பதில் கிடைத்தது. முகத்திலும் கண்குழியிலும் உள்ள சிரைகள் கேவர்னஸ் சைனஸோடு தொடர்புடையவை. அவற்றில் இரத்தம் இரு திசையிலும் ஓடக்கூடும் என்பதால் தொற்று பின்னோக்கி மூளைப்பக்கம் போக வழி இருக்கிறது. மூளையுறை அழற்சி, மூளையுறைக்கு அடியில் சீழ் தேங்குதல், மூளைச் சீழ்க்கட்டி, நெற்றி எலும்பு அழுகி நெற்றி புடைத்தல் ஆகியவை அரிதானவை, ஆனால் வந்தால் உயிரைக் கேட்பவை. விடாத தலைவலி, வாந்தி, அரைமயக்கம், வலிப்பு, அல்லது வீக்கம் மறு கண்ணுக்கும் தாவுதல், இவற்றில் எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொன்னார்கள். பல்லிலிருந்து மூளைக்குப் போவது கதையில்லை. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 2007 பிப்ரவரியில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் இப்படித்தான் இறந்தான். தலைவலிக்கும் சைனஸுக்கும் பல் சீழுக்கும் முதலில் மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். பல்லின் கிருமிகள் மூளையை எட்டிய பிறகு இரண்டு முறை மூளை அறுவை செய்தும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பல்லைப் பிடுங்க ஆகியிருக்கக்கூடிய செலவு 80 டாலர் என்பது அப்போது அந்நாட்டில் பெரும் விவாதமாகி, ஏழைக் குழந்தைகளுக்கான பல் சிகிச்சைத் திட்டத்தையே திருத்தவைத்தது. எங்கள் மருத்துவர் இந்தக் கதையைச் சொல்லவில்லை; நோயாளியின் கட்டிலருகே சொல்லத்தக்கதும் அல்ல. அத்தையின் கேள்வி அநாவசியப் பயம் அல்ல என்பதற்காக நான் எழுதுகிறேன். கேவர்னஸ் சைனஸில் உறைவு இல்லை என்பதை எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதிசெய்த பிறகே எங்களுக்கு மூச்சு வந்தது.

நீரிழிவு இருந்ததால் இன்னொரு சோதனையும் நடந்தது. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை என்று நாடே நடுங்கிய மியூகர் நோய், பலருக்கு மேல்வரிசைப் பல் ஆட்டமாகவும் கன்ன மரமரப்பாகவுமே முதலில் தலைகாட்டியது. அந்த ஆண்டு மே மாதத்தில் அதை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாகவும் ஆக்கினார்கள். அதனால், அறுவையின்போது எடுத்த திசுவை உடனுக்குடன் நுண்ணோக்கியில் பார்த்துப் பூஞ்சை இழை இல்லை என்று எழுதிக்கொடுக்கும் ஏற்பாடு இங்கே இருக்கிறது. பாக்டீரியாவா பூஞ்சையா என்பது தெரியாமல் ஒரு நாள் தள்ளினாலும் நீரிழிவுக்காரருக்கு ஆபத்து. சர்க்கரையைக் கட்டுப்படுத்த வந்த மருத்துவர் சற்றே அவசரக்காரர். ஆனால் இன்சுலின் அளவைத் தினமும் வந்து மாற்றினார்.

அறுவை பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது கொஞ்சம்தான். மூக்குத் துளை வழியாக எண்டாஸ்கோப் என்னும் கேமரா பொருத்திய மெல்லிய குழலைச் செலுத்தி, சைனஸ் வாயில்களை அகலப்படுத்தி, கண்ணோரச் சீழையும் அதே வழியில் வடித்தார்கள். அதே மயக்கத்திலேயே முகத்தாடை அறுவை மருத்துவர் அந்தப் பல்லைப் பிடுங்கி, சைனஸுக்குத் திறந்த ஓட்டையைக் கன்னப்பக்கச் சதையை இழுத்துத் தைத்து மூடினார். மேலுதட்டுக்கு அடியில் கீறி எலும்பைத் திறக்கும் கால்டுவெல்-லுக் முறை 1890-களிலிருந்து வழங்கிவருவது. அதற்கு அவசியம் வரவில்லை. பல்லை விட்டுவிட்டு மூக்கை மட்டும் சுத்தம்செய்தாலோ, மூக்கை விட்டுவிட்டுப் பல்லை மட்டும் எடுத்தாலோ நோய் திரும்புவதற்கு வாய்ப்பு அதிகம். எதை முதலில் செய்வது என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். கண் ஆபத்தில் இருக்கும்போது சீழ் வடிப்பதற்கே முதலிடம். இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்தது நீரிழிவுக்காரருக்குப் பேருதவி, பணமும் மிச்சம்.

வார்டில் செவிலியர்கள் கண் பார்வையைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து ஓர் அட்டையில் எழுதவேண்டும். பகலில் அது பிசகாமல் நடந்தது. இரவில் ஒருமுறை அட்டையில் நேரம் மட்டும் நிரப்பப்பட்டிருந்தது. நோயாளியை எழுப்பவே இல்லை. நான் கேட்டதும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே செவிலியருக்கு ஒரு மாடி முழுவதையும் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? ஆனால் இந்த நோயில் அந்த அட்டை வெறும் காகிதம் அல்ல என்பதை நிர்வாகம் உணரவேண்டும். கேன்டீன் இட்லி நன்றாக இருந்தது. நோயாளிக்கு மென்மையான உணவு என்று சொன்ன பிறகும் முறுகல் தோசையை அனுப்பினார்கள்.

வீடு திரும்பும்போது கொடுத்த காகிதம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தைத்த இடம் ஆறும்வரை மூக்கைச் சீந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும், உறிஞ்சுகுழலில் குடிக்கக்கூடாது, பீடி சிகரெட் தொடக்கூடாது, உப்புநீரால் மூக்கைக் கழுவுவதை மருத்துவர் சொன்ன நாளில்தான் தொடங்கவேண்டும் என்பவை அதில் இருந்த முக்கியச் செய்திகள். இவற்றை மீறினால் வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே நிரந்தர ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் மூக்கில் வரும். இவ்வளவு முக்கியமானதைத் தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுப்பதில் என்ன சிரமம் இருக்கமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை. பெரம்பலூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வருகிறவர்களே அங்கே அதிகம்.

பில் விஷயத்தில்தான் மதிப்பெண் சரிகிறது. அறை வாடகையைப் பொறுத்து மொத்தத் தொகை மாறும் என்பதால் அதை எழுதிப் பயனில்லை. பிரித்து எழுதிய விதம்தான் பிரச்சினை. பல மருத்துவக் காப்பீடுகள் விபத்தால் வராத பல் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. இங்கே முழு அறுவையும் ஒரே நோய்க்கானது. ஆனால் பில்லில் பல் பிடுங்கியதும் ஓட்டையை மூடியதும் பல் சிகிச்சை என்ற தலைப்பில் தனியாக நின்றதால் காப்பீட்டு நிறுவனம் அந்தப் பகுதியை மறுத்துவிட்டது. தொற்றின் மூலமே அந்தப் பல்தான், அதை எடுக்காமல் கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று அறுவை மருத்துவர் ஒரு கடிதம் எழுதிக்கொடுத்த பிறகே ஓட்டையை மூடிய செலவாவது கிடைத்தது. அந்தக் கடிதத்தை மருத்துவமனையே முதலில் இணைத்திருக்கலாம். உங்களுக்கு இந்நிலை வந்தால், கோப்பு காப்பீட்டு மேசைக்குப் போகுமுன் அப்படி ஒரு கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு குறை, முகத்தாடை அறுவைப் பிரிவு ஞாயிற்றுக்கிழமை இயங்குவதில்லை. அழைத்தால் வருவார்கள் என்கிறார்கள், சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கு வரவில்லை. புறநோயாளிப் பிரிவில் டோக்கன் எண் ஒன்று, கூப்பிடும் வரிசை வேறொன்று. மறுபரிசோதனைக்குப் பல் பிரிவுக்கும் மூக்குப் பிரிவுக்கும் தனித்தனியே கட்டணம் கட்டவேண்டும். ஒரே மேசையில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு ரசீது எதற்கு என்று கேட்டால் கணினி அப்படித்தான் கேட்கிறது என்று பதில் வருகிறது.

யார் இங்கே போகலாம் என்றால், ஒரே பக்க மூக்கொழுக்கும் துர்நாற்றமும் மருந்துக்குப் பிறகும் நீடிக்கிறவர்களும், பல் பிடுங்கிய அல்லது இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைத்த பிறகு சைனஸ் தொல்லை தொடங்கியவர்களும் போகலாம். பல்லுக்கான முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் வேர் நுனியையும் சைனஸ் தரையையும் மிகத் தெளிவாகக் காட்டும். ஆனால் கண் வீங்கிய பிறகு அதை எடுப்பது வீண். சதைப்பகுதியில் உள்ள சீழை அது காட்டாது, நிறமருந்து ஏற்றிய சி.டி.தான் வேண்டும். இரு பக்கமும் மூக்கடைப்பு, தும்மல், காலையில் மட்டும் சளி என்று இருக்கிற ஒவ்வாமைக்காரர்களுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. பக்கத்து மருத்துவரே போதும். செலவு தாங்காதவர்கள் சென்னைக்குப் போகமுடிந்தால், அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் அருகருகே இருப்பதால் இரு துறைகளையும் ஒரே நாளில் பார்க்கலாம். ஆனால் கண் வீங்கியவரை அவ்வளவு தூரம் பேருந்தில் ஏற்றாமல் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும்.

மாமாவுக்குப் பார்வை முழுவதும் திரும்பிவிட்டது, நாற்றம் போய்விட்டது. அவர் வீட்டுக்கு வந்த சில நாளில், மருத்துவமனையின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, பல் போன இடத்தில் தள்ளுபடி விலையில் இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளலாம் என்றும் அந்த மாதத்துக்குள் பணம் கட்டவேண்டும் என்றும் சொன்னார். அறுவை மருத்துவரிடம் கேட்டபோது அவர் முகம் சுளித்தார். அந்த இடத்தில் இம்பிளாண்ட் வைக்கச் சைனஸ் தரையை உயர்த்தி எலும்புத்தூள் நிரப்பவேண்டியிருக்கும். சைனஸ் முழுவதும் தெளிந்துவிட்டது என்று ஸ்கேனில் தெரியுமுன் அதைச் செய்வது தொற்றை மறுபடி வரவழைப்பதாகும் என்றார். இப்போதைக்கு அந்த இடத்தை வெறுமையாக விடும்படி எழுதிக்கொடுத்திருக்கிறார். மாமா இடப்பக்கமாக மென்று சாப்பிடுகிறார். அழைப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன.